கலங்கல் தண்ணீர்

நவம்பர் 11

இரண்டு நாளைக்கு அப்புறம் மழை விட்டிருக்கிறது. பேஸ்மென்ட் பள்ளம் இப்போது 7 மீட்டர். மோட்டார் வெளியே தள்ளும் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. "மழைத் தண்ணி சார், அப்படித்தான் வரும்" என்றார் மேஸ்திரி. இருக்கலாம். ஆனாலும் ஒரு பக்கெட்டில் பிடித்து ஓரமாக வைத்தேன். சாப்பிட்டு வந்து பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் இரண்டு விரல்கடைக்குச் சன்ன மணல். பள்ளத்தின் தரையோ களிமண். அப்படியென்றால் இந்த மணல் எங்கிருந்து வருகிறது?

நவம்பர் 12

பக்கத்து வீட்டு அம்மா காலையிலேயே வந்துவிட்டார். "நேத்து வரைக்கும் கேட்டை ஒரு விரலால தள்ளுவேன் தம்பி, இன்னிக்கு தரையில உரசுது." போய்ப் பார்த்தேன். கேட் தூண் சாய்ந்திருக்கிறது, மதிலில் மயிரிழை விரிசல். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு ஓடி வந்து பள்ளத்தில் இறங்கினேன்.

அடையாற்றுக்குப் பக்கம் என்பதால் இங்கே 5 மீட்டர் ஆழத்தில் ஒரு மணல் படுகை உண்டு, மண் பரிசோதனையிலேயே வந்ததுதான். அந்த மட்டத்தில், பள்ளத்தின் ஓரத்தைத் தாங்கும் இரண்டு பைல்களுக்கு (மண்ணுக்குள் இறக்கிய தூண்களுக்கு) இடையே அடைத்த பூச்சு பெயர்ந்து, தண்ணீரோடு மணலும் குழாய் திறந்த மாதிரி வந்துகொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு நாளாகத் தெருவின் அடிமண்ணை மோட்டார் வைத்து இறைத்திருக்கிறோம்!

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். போனில் மேனேஜர், ராஃப்ட் (பள்ளத்தின் அடியில் போடும் அஸ்திவாரத் தளம்) கான்கிரீட் தேதி தள்ளிப்போகுமே என்று கத்தினார். பள்ளத்தில் தண்ணீர் ஏறினால்தான் வெளியே இருக்கும் தண்ணீருக்கு எதிரழுத்தம் கிடைக்கும், மணல் வருவது நிற்கும். இதை அவருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம்.

நவம்பர் 13

இரவு தூக்கமில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் மழையில், வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள், உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின. அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஓட்டையின் மேல் முதலில் பெருமணல் மூட்டை, அதன் மேல் ஜல்லி மூட்டை. சிமென்ட் வைத்து ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. கூடாது, தண்ணீர் வெளியே வரட்டும், மணல் மட்டும் நிற்கட்டும். தண்ணீரையும் அடைத்தால் அது அடுத்த இடுக்கைத் தேடும்.

நவம்பர் 14

கடப்பாரையால் தெருவைத் தட்டிக்கொண்டே நடந்தோம். கேட்டுக்கு எதிரே 'டொம்' என்றது. தெருவில் பதித்த கற்களைப் பெயர்த்தால் கீழே இடுப்பளவு பொந்து, கற்கள் மட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தினமும் விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீர் லாரி போகும் இடம் அது.

பேப்பர்காரர்கள் இதையும் 'சிங்க்ஹோல்' என்பார்கள். சுண்ணாம்புப் பாறை கரைந்து தரை உள்ளே விழுவதுதான் அசல் சிங்க்ஹோல், இது வேறு. இங்கே மண் கரையவில்லை, போக ஒரு வழி கிடைத்ததும் போய்விட்டது. 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் பேருந்தும் காரும் உள்ளே இறங்கியதும் மெட்ரோ சுரங்கத்துக்கு மேலேதான்.

நவம்பர் 18

பொந்தை நிரப்ப 58 மூட்டை சிமென்ட் போனது. பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் போகவில்லை. மோட்டாரைப் பாதி வேகத்தில் போட்டோம், பக்கெட்டில் மணல் இல்லை. கேட் மட்டும் இன்னும் உரசுகிறது, நாளைக்கு வெல்டரை அனுப்ப வேண்டும்.