டெமோவில் தெரியாதவை

வக்கீல் அலுவலகத்துக்கு மென்பொருள் வாங்கும்போது டெமோவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. விற்க வருபவர் காட்டும் மாதிரி வழக்கில் ஒரு வாதி, ஒரு பிரதிவாதி, நாலைந்து ஆவணங்கள்தான் இருக்கும். நிஜ வழக்குக் கட்டுகள் அப்படியா இருக்கின்றன? வாதி இறந்து வாரிசுகள் சேர்க்கப்பட்டிருப்பார்கள். ஒரே சொத்துக்காக வேறு நீதிமன்றத்திலும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் எங்களிடம் இருந்ததிலேயே சிக்கலான கட்டை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, எங்கள் குமாஸ்தா கையாலேயே ஒவ்வொரு மென்பொருளிலும் ஏற்றிப் பார்த்தோம்.

வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது. ஒன்றில், பதிவு செய்த அதே எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் பெயர் கிடைத்தது. இனிஷியல் முன்னால் இருந்தால் ஓர் ஆள், பின்னால் இருந்தால் வேறோர் ஆள்! புது வழக்கை ஏற்கும் முன் எதிர்த்தரப்பு ஏற்கெனவே நம் கட்சிக்காரரா என்று பார்த்தாக வேண்டும். அது கண்ணில் படாமல் போனால் பாதி வழியில் வழக்கிலிருந்தே விலக நேரிடும். அந்த மென்பொருளை அன்றே ஒதுக்கிவிட்டோம்.

நேரப் பதிவையும் இப்படித்தான் சோதித்தோம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் அலுவலகங்கள் பலவற்றில் 6 நிமிடம்தான் ஓர் அலகு, அதாவது மணியில் பத்தில் ஒரு பங்கு. போனை வைத்த கையோடு பதிவு முடிந்துவிட வேண்டும். வரிசையாகக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் ஜூனியர்கள் சாயங்காலம் ஞாபகத்திலிருந்துதான் எழுதுவார்கள். அப்படிப் போடும் பில் கட்சிக்காரருக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வாய்தா நினைவூட்டல் எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவர் விடுப்பில் போனால் அது அடுத்தவருக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டோம்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது வேறொன்றுக்காக. நாளை இந்த மென்பொருளை விட்டு வெளியேறினால் எங்கள் கட்டுகள் எந்த நிலையில் திரும்பி வரும்? 'எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகத் தந்துவிடுவோம்' என்றார்கள். மாதிரிக்கு ஒன்று தரச் சொன்னேன். வந்த கோப்புகளின் பெயர்கள் வெறும் எண்கள். எது எந்த வழக்கினுடையது, எது இறுதி வரைவு, யார் எப்போது திருத்தினார்கள், எதுவுமே இல்லை. நீண்ட காலம் காக்க வேண்டிய ஆவணங்களுக்கென்றே 2005 முதல் பிடிஎஃப்/ஏ என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஆனால் விவரங்கள் உதிர்ந்துபோன கட்டை எந்தத் தரத்தில் தந்தால்தான் என்ன?

கடைசியில் குமாஸ்தா கை காட்டியதையே எடுத்தோம், வசதிகள் குறைவுதான். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். முழுத் தரவையும் வழக்கு விவரங்களோடு எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்தைச் சேர்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம்.