புகாரை எந்த மொழியில் எழுதுவது?

"டீச்சர், எனக்கு மலையாளம் நல்லாப் பேச வரும், எழுதத்தான் வராது" என்று அந்தப் பெண் சொன்னபோது, அவள் முன்னால் இருந்த தாளில் தேதியைத் தவிர வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, சேர்ந்தவள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாருடன் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்த பிறகும் வேலை இருப்பதாகச் சொல்லி அவளை மட்டும் நிறுத்திவைத்த சூப்பர்வைசர் நடந்துகொண்ட விதத்தை நாள்வாரியாக அவளால் சொல்ல முடிந்தது. ஆனால் கம்பெனி கொடுத்த புகார்ப் படிவம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான் இருந்தது.

அதற்குள் இரண்டரை மாதம் ஓடியிருந்தது. முதலில் அவள் தான் படித்த ஐ.டி.ஐ.க்குப் போயிருக்கிறாள், நடந்தது கம்பெனியில் என்பதால் அங்கேதான் சொல்ல வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி அலுவலகத்தில் இருந்தவரோ, அப்ரண்டிஸ் எங்கள் ஊழியர் அல்ல, பயிற்சிக்கு வந்தவர் மட்டுமே என்று சொல்லியிருக்கிறார். தாயாருக்கு இருந்த பயம் வேறு. "எழுதிக் குடுத்தா சர்டிபிகேட்ட நிறுத்திப் போடுவாங்களா டீச்சர்?" என்று அவர் மூன்று முறை கேட்டார்.

பல ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவள் நான். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் எங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிலும் இருந்திருக்கிறேன். இருந்தும், அப்ரண்டிஸ் பிள்ளைகள் இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவில் இப்படி விழுந்துவிடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் அவர்களைப் பயிற்சி பெறுபவர்கள் என்றுதான் சொல்கிறது, தொழிலாளர்கள் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியை மட்டுமே. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013ஆம் ஆண்டு வந்த சட்டம், ஊழியர் என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அந்தக் கம்பெனியின் உள்ளகக் குழு அவளுடைய புகாரை ஏற்றே ஆக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். புகாரை எழுத்தில் தர இயலாதவருக்கு அதை எழுத்தில் கொண்டுவர எல்லா நியாயமான உதவியும் செய்ய வேண்டியது குழுவின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. வெற்றுத் தாளைக் கையில் கொடுத்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியவர்கள் அந்தக் கடமையைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்ரண்டிஸ் சட்டப்படி, அரசு நியமிக்கும் அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸுகளை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது. பயிற்சிக்கோ பொது நலனுக்கோ அது தேவை என்று நம்பினால்தான் அவரும் ஒப்புதல் தரலாம். அவளைத் தனியாக நிறுத்திவைத்த அந்த நேரம் சட்டப்படி இருந்திருக்கவே கூடாத நேரம். பாதுகாப்பு என்றால் புகார்ப் பெட்டி என்று நினைக்கும் நிர்வாகங்கள், வருகைப் பதிவேட்டில் வெளியேறும் நேரத்தை வாரம் ஒருமுறை பார்த்தாலே பாதித் தீங்கைத் தடுத்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று எங்கள் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் முழுவதும் தமிழ்தான் வீட்டு மொழி. இங்குள்ள பிள்ளைகள் சந்தையிலும் பஸ்ஸிலும் மலையாளத்தைத் தடையில்லாமல் பேசுவதால், அவர்களுக்கு எழுத்திலும் மலையாளம் போதும் என்று வெளியிலிருப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். பேச்சு மொழியில் விலை கேட்கலாம், வழி கேட்கலாம். உடம்பில் நேர்ந்த அவமானத்தை, பிறகு யாரும் திரித்துவிடாதபடி, சொல் தவறாமல் எழுதுவதற்குப் படித்த மொழி வேண்டும். குறைதீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அரசின் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது உறுப்பு. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தந்திருக்கிறது. தனியார் கம்பெனி அரசு அதிகாரி ஆகாதுதான். ஆயினும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழு அரசு அமைப்பது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளில் தொழில் பழகும் பெண்களும், முதலாளி மேலேயே புகார் உள்ளவர்களும் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே தமிழ்த் தாளைத் திருப்பிக் கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

பதினெட்டு நிறையாதவர்கள் என்றால் வழியே வேறு. பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.க்கு வரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளை யூனிஃபார்மில் பார்க்கும்போது குழந்தைகள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை; சட்டத்துக்கு அவர்கள் குழந்தைகளே. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ், விஷயம் தெரிந்த எவரும் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவானால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. பதினேழு வயதுக்காரிக்குக் கிடைக்கும் அந்த ஏற்பாடு, பதினெட்டாவது பிறந்தநாளன்று மறைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று மாலை அந்தப் பெண் தமிழிலேயே நான்கு பக்கம் எழுதினாள். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. எழுத்துப் பிழைகளைக்கூட விட்டுவிட்டேன். தமிழ் மூலத்தின் அடியில் அவள் கையொப்பம் இருக்கும்படியும், என் மலையாள மொழிபெயர்ப்பு இணைப்பாக மட்டும் இருக்கும்படியும் பார்த்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பில் கையொப்பம் வாங்கினால், தான் படிக்க முடியாத வாக்கியங்களுக்குப் பின்னாளில் அவள் பதில் சொல்ல நேரும். கம்பெனியின் உள்ளகக் குழுத் தலைவி மலையாளி; மூலத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுக்கொண்டார் என்று பிறகு அறிந்தேன். விசாரணையின் விவரங்களை வெளியிடச் சட்டம் இடம் தராததால் அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவள் பயிற்சியை முடித்துச் சான்றிதழையும் வாங்கிவிட்டாள்.

போன மாதம், புதிதாகச் சேரும் அப்ரண்டிஸுகளிடம் இதையெல்லாம் தமிழில் விளக்கப் போயிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஆம்பளைப் பசங்களுக்கு நடந்தா எங்க சொல்றது டீச்சர்?" என்று கேட்டான். அவனுக்கு வயது 19. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு மட்டும் உரியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலின மாணவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன என்றாலும், ஐ.டி.ஐ. முடித்து வந்த அவனுக்கு அவை பொருந்தா. காவல் நிலையத்துக்குப் போகலாம், அதற்கு முன் என்னிடம் வா, உடன் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதில் போதாது. கம்பெனி தன் சொந்தப் பணி விதிகளான நிலையாணைகளிலேயே ஆண்களின் புகாருக்கும் ஒரு வழியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன். அதையும் தமிழில் எழுதி, மலையாள மொழிபெயர்ப்பை இணைப்பாக வைத்திருக்கிறேன்.