ஆய்வு முறையியல் பாடம்: ஒரே ஓர் ஆய்வை ஆழமாகப் படியுங்கள்

தோட்டப் பாடசாலையில் தமிழில் உயர்தரம் முடித்து, பேராதனைக்கு நர்சிங்கோ பார்மசியோ படிக்க வரும் தம்பி தங்கைகள் பயப்படுவது உடற்கூற்றியலுக்குத்தான். அது மனப்பாடம், எப்படியும் வந்துவிடும். புள்ளியைக் கொண்டுபோவது ஆய்வு முறையியல். ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து "இதை மதிப்பிடுக" என்பார்கள். வரைவிலக்கணத்தை மட்டும் பாடமாக்கியவருக்கு அங்கே கை ஓடாது.

எனக்குக் கைகொடுத்தது, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948ல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. நுரையீரல் காசநோயாளர் 107 பேர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் எழுமாறாகத் தீர்மானமாகி இருந்தது. தேறுவார் என்று தோன்றும் நோயாளியை மருந்துப் பக்கம் தள்ள வைத்தியருக்கு வழியில்லை. எக்ஸ்ரே படங்களை மதிப்பிட்டவர்களுக்கும் அது எந்தக் குழுவின் படம் என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 மரணம், மற்றதில் 14.

இதிலேயே கணக்குப் போட்டுப் பழகுங்கள். ஏறக்குறைய 7 சதவீதம், 27 சதவீதம். கழித்தால் 20, அதாவது ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால் அந்த ஆறு மாதத்தில் ஓர் உயிர் கூடுதலாகத் தப்பும். இதையே மருந்தில்லாக் குழுவின் மரண வீதத்தால் வகுத்துச் சொன்னால் 'மரணம் சுமார் 73 சதவீதம் குறைந்தது' என்று வரும். இரண்டும் சரிதான். ஆனால் ஆயிரத்துக்கு 4 மரணம் 1 ஆனாலும் 75 சதவீதக் குறைவுதானே? அங்கே ஓர் உயிரைக் காக்க 330க்கு மேற்பட்டோர் மருந்து குடிக்க வேண்டும். விளம்பரக்காரருக்கு எந்த எண் பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிறையப் பேர் இத்தோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். பாதுகாப்பு என்கிற மற்றப் பாதி அப்படியே கிடக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் உட்செவியின் சமநிலை உறுப்பைத் தாக்கும். பலருக்குத் தலைசுற்றல் வந்தது. கிருமியும் மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றது. அதனால் ஆண்டுகள் போகப்போக இரு குழுக்களின் மரண வித்தியாசம் சுருங்கிவிட்டது. 'பக்கவிளைவு எதுவும் காணப்படவில்லை' என்ற வரியைக் கண்டால் உடனே ஆட்தொகையைப் பாருங்கள். 3ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும்: 300 பேரில் ஒருவருக்கும் வராத விளைவு, உண்மையில் 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதாகவே இருக்கலாம்.

அப்புறம், இலங்கை உதாரணம் ஒன்றும் கையில் இருக்கட்டும். 2018ல் வெளியான ட்ரையம்ப் ஆய்வு நம் நாட்டுக் கிளினிக்குகளில் 700 பிரஷர் நோயாளரிடம் நடந்தது. மூன்று மருந்துகள் குறைந்த அளவில் ஒரே குளிசையில். ஆறு மாதத்தில் பிரஷர் இலக்கை எட்டியோர் 70 சதவீதம், வழமையான சிகிச்சையில் 55. நல்ல முடிவு. ஆனால் யார் எதை விழுங்குகிறார் என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரிந்தே இருந்தது. அளந்ததும் பிரஷரைத்தான், பக்கவாதத்தையோ மாரடைப்பையோ அல்ல. இந்த இரண்டையும் எழுதுங்கள்.

இடையில் விலகுவோர் பற்றிய கேள்விக்கு நமக்குப் புத்தகமே தேவையில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். அப்படி நின்றவரையும் முதலில் சேர்த்த குழுவிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும். வந்தவரை மட்டும் எண்ணினால், வசதியும் உடல்நலமும் உள்ளவர்களே மிஞ்சி, மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

ஒழுக்கவியல் கேள்வியில்தான் மலையகப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தலாம். 1948 ஆய்வில் ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே தெரியாது. மனிதரிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு ஒழுக்க நெறி வகுத்த ஹெல்சின்கி பிரகடனம் வந்தது 1964ல். அதற்குப் பிறகும், தோட்டத்தில் ஆய்வு செய்ய துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த அனுமதி கேற்றைத் திறக்க மட்டும்தான். சம்மதத்தை ஒவ்வொருவரிடமும் தனியாக, தமிழில், அவர் மறுக்கக்கூடிய நிலையில் கேட்க வேண்டும். கைநாட்டு வைப்பவர் என்றால், விளக்கம் முழுவதையும் கூட இருந்து கேட்ட ஒரு நடுநிலைச் சாட்சி கையொப்பமிட வேண்டும். தொழிலாளரிடம் வேலை வாங்கும் வெளிக்கள உத்தியோகத்தரோ கங்காணியோ அந்தச் சாட்சியாக நிற்கக்கூடாது என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள்.