ஷார்தேனின் திருக்கை

பாரிஸில் எனக்கு வாய்த்த நான்கு நாள்களில் ஒன்றை, அந்நகரத்து ஓவியர் சங்கங்களின் வரலாற்றைத் தேடி நடப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். காலையில் முதலில் சென்றது சேன் ஆற்றுத் தீவின் முனையில், பொன் நெஃப் பாலத்தை ஒட்டியுள்ள பிளாஸ் டொஃபின் என்னும் முக்கோணத் திடலுக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்டுக்கு ஒருநாள், நற்கருணைத் திருவிழாவன்று காலையில், வேறு இடம் கிடைக்காத இளம் ஓவியர்கள் இங்கே வெட்டவெளியில் தம் படங்களை மாட்டி வைப்பார்கள். 1728இல் அப்படி மாட்டியவர்களுள் ழான் சிமியோன் ஷார்தேனும் ஒருவர். தச்சரின் மகன், அப்போது வயது 28.

ஷார்தேன் ஏற்கெனவே புனித லூக்கா பெயரால் இயங்கிய ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். 1391ஆம் ஆண்டிலேயே விதிகள் எழுதப்பட்ட தொழிற்சங்கம் அது. அதில் சேராதவர் பாரிஸில் கடை திறந்து படம் விற்க முடியாது. அரசரின் ஆதரவில் இருந்த ஓவியர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்பதால், அவர்களுடைய எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 1640களில் சங்கம் வழக்காடியது. அதற்கு எதிர்வினையாகவே ஷார்ல் லெ ப்ரனும் அவருடைய தோழர்களும் 1648இல், பதினான்காம் லூயி சிறுவனாக இருந்தபோது, ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான அரச அகாதமியை நிறுவினார்கள். ஓவியம் கைத்தொழில் அன்று, கவிதையைப் போல அறிவின் கலை என்பது அவர்களுடைய வாதம். அதனால்தான் அகாதமியில் சேர்ந்தவர் கடை வைக்கக்கூடாது என்று விதித்தார்கள். உயிருள்ள மனித உருவத்தை எதிரே நிறுத்தி வரையக் கற்பிப்பது அகாதமியின் உயிர்நாடியாக இருந்தது.

பாலத்தைக் கடந்து லூவ்ரு அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். கூட்டம் முழுவதும் மோனா லிசாவை நோக்கிச் செல்ல, நான் சுல்லி பகுதியின் இரண்டாம் தளத்துக்கு ஏறினேன். அங்கேதான் ஷார்தேன் வரைந்த 'திருக்கை' மீன் படம் தொங்குகிறது. கடலோர ஊரில் பிறந்து, சந்தையில் வயிறு கிழிக்கப்பட்ட திருக்கையைப் பலமுறை பார்த்தவன் நான்; ஆயினும் அந்தப் படத்தின் முன்னால் கால்கள் நின்றுவிட்டன. இரும்புக் கொக்கியில் மீன் மல்லாந்து தொங்குகிறது. அறுத்த வயிற்றிலிருந்து சிவந்த குடல் தெரிகிறது. அடிப்புறத்து மூக்குத் துளைகளும் வாயும் சேர்ந்து, வலியோடு சிரிக்கும் மனித முகம்போலத் தோன்றுகின்றன. இடப்புறம், திறந்த சிப்பிகளின்மேல் கால்வைத்து முதுகை வளைத்து நிற்கும் பூனை. வலப்புறம் மண்குடமும் செம்புப் பாத்திரமும் வெள்ளைத் துணியும். மேடையின் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும் கத்தியின் கைப்பிடியை, கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

1728 செப்டம்பரில் ஷார்தேன் இதையும் வேறு சில படங்களையும் அகாதமிக்குக் கொண்டுபோனார். அவை யாருடையவை என்று சொல்லாமலே முன்னறையில் வைத்திருந்தாராம். அகாதமியின் மூத்த ஓவியரான லார்ழிலியேர் அவற்றை நல்ல பிளெமிய (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியர் ஒருவரின் படைப்புகள் என்று எண்ணிப் புகழ்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு நுழைவுப் படைப்பு ஒன்றைத் தனியாக வரைந்து தருவதே வழக்கம். 1712இல் ஏற்கப்பட்ட வாட்டோ, தம் 'சித்தேரா தீவு யாத்திரை'யை 1717இல்தான் ஒப்படைத்தார். ஷார்தேனையோ ஒரே நாளில் ஏற்று, உறுப்பினராகவும் ஆக்கினார்கள். 'திருக்கை'யும் 'உணவு மேடை'யும் அவருடைய நுழைவுப் படைப்புகள்.

பிற்காலத்தில் அமைப்புகளை எதிர்த்துக் கிளம்பிய ஓவியர் மோனேயின் தலைமுறையைப் படித்து வளர்ந்த நாம் அகாதமி என்றாலே கண்ணற்ற அமைப்பு என்று நினைத்துவிடுகிறோம். இந்தப் படத்தின் முன் நின்றபோது அது நியாயமில்லை என்று பட்டது. ஆனால் வரலாறு, புராணம், சமயக் காட்சிகளை வரைபவர் உச்சியில், பழமும் மீனும் வரைபவர் அடியில் என்று அவர்களே ஒரு படிநிலையை வகுத்திருந்தார்கள். எனவே ஷார்தேன் பொருளாளர் ஆக முடிந்தது, கண்காட்சிகளில் படங்களை மாட்டும் பொறுப்பையும் ஏற்க முடிந்தது. பேராசிரியர் ஆக முடியவில்லை. ஓவியர் க்ரூஸ் 1769இல் ரோமப் பேரரசர் செவரசை வரைந்து வரலாற்று ஓவியராக முயன்றபோது, அன்றாட வாழ்க்கையை வரைபவராக மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். அந்த அவமானத்தால் அவர் பல ஆண்டுகள் அகாதமியின் சலோன் கண்காட்சியில் கலந்துகொள்ளவில்லை. 1783இல் விஜே லெ ப்ரன், லபீல் கியார் என்ற இரு பெண்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டார்கள். அத்துடன் பெண்களுக்கென விதித்திருந்த நான்கு இடங்களும் நிரம்பிவிட்டன.

சலோன் என்ற பெயருக்குக் காரணமான சலோன் கார்ரே என்னும் சதுர அறையை, இறங்கும் வழியில் பார்த்தேன். புரட்சி 1793இல் அகாதமியைக் கலைத்தது. சலோன் மட்டும் தொடர்ந்தது. அதன் தேர்வுக் குழு 1863இல் பாதிக்கும் மேற்பட்ட படங்களை நிராகரித்து, மூன்றாம் நெப்போலியன் தலையிட்டு நிராகரிக்கப்பட்டவற்றுக்கெனத் தனிக் கண்காட்சி வைக்கச் செய்த கதை எல்லோரும் அறிந்தது.

மாலையில் புலவார் தே கப்பூசினில் 35ஆம் எண் கட்டடத்தின் எதிரே நின்றேன். புகைப்படக் கலைஞர் நதாரின் பழைய நிலையம் இங்கேதான் இருந்தது. தேர்வுக் குழுவே வேண்டாம் என்று மோனே, பிசாரோ, ரெனுவார், தெகா முதலியோர் 1873 டிசம்பரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1874 ஏப்ரல் 15 அன்று தங்கள் முதல் கண்காட்சியைத் திறந்தார்கள். பொந்துவாஸ் என்னும் ஊரின் ரொட்டி சுடுபவர்களுடைய சங்க விதிகளைப் பிசாரோ மாதிரியாகக் கொண்டுவந்தார். கைத்தொழில் சங்கத்திலிருந்து விலகிப் பிறந்ததே அகாதமி. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஓவியர்கள் மீண்டும் ரொட்டி சுடுபவர்களிடம் வழி கேட்டார்கள் என்பது என்னை நெகிழ வைத்தது. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். ஒரு மாதத்தில் சுமார் 3,500 பேர் வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ரெனுவாரின் ஓவியக்கூடத்தில் கூடிக் கணக்குப் பார்த்தபோது, ஒவ்வோர் உறுப்பினரும் 184 பிராங்க் 50 சென்டிம் கடன்பட்டிருப்பது தெரிந்தது. சங்கத்தைக் கலைத்துவிடுவதென்று முடிவெடுத்தார்கள்.