காதுதான் முதலில்: ஆவணப்படப் பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

பட்டறையின் முதல் நாள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். மாணவர் கையில் ஹெட்போனும் ரெக்கார்டரும் போதும். சுயாதீனமாகப் படம் எடுப்பவருக்குத் தனி ஒலிப்பதிவாளர் கிடைப்பது அபூர்வம். இயக்குநரேதான் கேட்க வேண்டும். காட்சி கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்.

வீட்டுக்குள் பேட்டி என்றால் முதலில் ஃபேன், அடுத்து ஃபிரிட்ஜ். ஃபேன் சத்தம் ஒரே சீராக ஓடுவதால் பிறகு ஓரளவு குறைத்துவிடலாம். ஃபிரிட்ஜ் திடீரென்று ஓடும், திடீரென்று நிற்கும். பேட்டியை வெட்டி ஒட்டும்போது ஒட்டு அப்படியே காதில் விழும். அதை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். திரும்பப் போடாமல் யாரும் கிளம்ப முடியாது. அந்த வீட்டுப் பாலும் மாவும் கெடாது.

காலர் மைக்தான் அதிகம் படுத்தும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் பட்டும் உரசிக்கொண்டே இருக்கும். தாலிக்கொடி மைக்கில் பட்டால் ‘டக் டக்’ என்று பதியும். மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே, கொடி தொடாத பக்கமாகக் குத்தி, வயரைச் சின்ன வளையமாகச் சுற்றித் துணியோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும். வயர் இழுபட்டாலும் அந்த வளையம் வாங்கிக்கொள்ளும். பெண்களுக்குக் குழுவிலுள்ள பெண் மாட்டிவிட வேண்டும். யாரும் இல்லையென்றால் அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

ரெக்கார்டரின் பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். கோபத்திலோ அழுகையிலோ குரல் உயரும் இடம்தான் படத்துக்கு உயிர். அது மீட்டரின் உச்ச எல்லையான சுழியத்தில் முட்டிக் கிழிந்தால் பழையபடி மீட்க முடியாது. பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னும். கேமராவில் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் மின்னுவது தெரியாது. 1/60 வைத்தால் திரையில் பட்டைகள் ஓடும். மலிவான எல்இடி பல்புகளும் சில நேரம் இதே வேலையைக் காட்டும்.

மொபைலில் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பல மொபைல்கள் பிரேம் வேகத்தைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியோடு சேர்த்தால் தொடக்கத்தில் பொருந்தும் உதடு, போகப் போக விலகும். வேகத்தைப் பூட்டும் வசதியுள்ள கேமரா செயலியில் எடுப்பது நல்லது.

ஜூன் 9, திங்கள்

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளப் பழக வேண்டும். ‘ம்ம்’, ‘ஆமாங்க’ என்று இடையில் சொன்னால் அதுவும் பதிந்துவிடும். தலையை ஆட்டினால் போதும். அவர் பேசி முடித்த பிறகு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனத்தில்தான் பெரும்பாலும் அடுத்த வாக்கியம் வரும், அது முந்தையதைவிட உண்மையானதாக இருக்கும்.

சம்மதத்தைக் காகிதத்தில் கையெழுத்தாக மட்டும் வாங்காமல், படம் எங்கெல்லாம் போகும் என்பதை அவர் பேச்சிலேயே விளக்கி, அவர் சொல்லும் பதிலையும் பதிவு செய்ய வேண்டும். ஊரில் அவருக்கு ஆபத்து வரும் என்றால் அந்தக் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

ஜூன் 16, திங்கள்

கேமரா பதியும் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அன்றன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் சரியா என்று பார்த்து, நாலைந்து கிளிப்பைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும். அதையும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ 1997இல் மும்பை ரமாபாய் காலனியில் தலித்துகள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி 2011இல் முடிந்த படம். இப்படி வருடக்கணக்கில் இழுக்கும் வேலைக்குப் பழைய பதிவைப் பாதுகாப்பதே பாதி உழைப்பு.

ஜூன் 28, சனி

பேட்டிகளை எழுதி எடுக்கும்போது எழுத்துத் தமிழாக மாற்றிவிடுகிறார்கள். ‘வந்துக்கிட்டிருந்தாக’ என்பதை ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று எழுதினால் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே வெட்டலாம் என்பது தாளில் தெரியாது. வாயில் வந்தபடியே எழுதி, பக்கத்தில் டைம்கோடு (பதிவில் அது வரும் நேரம்) போடுங்கள். அந்தத் தாள்களைத் தரையில் பரப்பி வரிசை மாற்றிப் பார்த்த பிறகு கணினிக்குப் போனால் போதும்.

ஜூலை 12, சனி

1948இல் தொடங்கிய, ஒன்றிய அரசின் ஆவணப்படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் என்எஃப்டிசியோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைக்கப்பட்டது. சுயாதீனர்கள் பலருக்கு இன்று வகுப்பும் பட்டறையும்தான் சோறு போடுகின்றன. படம் மக்களிடம் போய்ச் சேரும் வழியையும் அவர்களேதான் அமைத்துக்கொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டு மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்று கேட்டபோது இயக்குநர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தார்கள். நிபந்தனை போனது, ஆனாலும் பல படங்கள் தேர்வாகவில்லை. விழா நடந்த நாட்களிலேயே அருகில் ‘விகல்ப்’ என்ற பெயரில் தங்கள் திரையிடலை நடத்தினார்கள்.

பள்ளிக்கூட அறையில் திரையிட்டாலும் ஒலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கர் போதாது. லேப்டாப்பிலிருந்து ஒலியைத் தனியாக எடுத்து ஒலி மிக்சருக்குக் கொடுத்து, ஸ்பீக்கரை உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு மேலாகத் திரையின் இரு பக்கமும் வையுங்கள். ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எர்த் கோளாறாக இருந்தால் உடனே நின்றுவிடும். பிறகு பேட்டரி முழுப் படத்துக்கும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெற்று அறையில் சரியாகக் கேட்கும் ஒலி ஆட்கள் நிறைந்ததும் அமுங்கும், அதனால் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் நின்று முதல் பத்து நிமிடத்தைக் கேட்க வேண்டும்.