வீடியோவை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள்

தேர்வுக்குப் படிப்பவர்கள் யாரிடம் பேசினாலும் போனைப் பற்றிய புலம்பல் வந்துவிடும், கையில் எடுத்தால் நேரம் போவதே தெரியவில்லை என்று. உண்மைதான். ஆனால் ரீல்ஸ் பார்த்துத் தொலைத்த நேரம் தொலைந்தது என்று நமக்கே தெரியும், மனசு உறுத்தும், மறுநாள் கொஞ்சம் ஒழுங்காக இருப்போம். எனக்கு அதைவிடக் கவலை தருவது பாட வீடியோ பார்த்தே கழிகிற மாலைகள். அவை உறுத்துவதே இல்லை. நன்றாகச் சொல்லித் தருகிறார், எல்லாம் புரிகிறது, அடுத்தது தானாகவே ஓட ஆரம்பிக்கிறது, இன்றைக்கு நிறையப் படித்தாயிற்று என்ற திருப்தியோடு தூங்கப் போகிறோம்.

ரூட் 2 ஒரு விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண், என்பதற்கான நிரூபணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்படி எழுத முடியும் என்றே முதலில் எடுத்துக்கொண்டு, பொதுக்காரணி இல்லாத இரண்டு முழு எண்களின் பின்னமாக, பி/க்யூ என்று வைத்துக்கொள்கிறோம், இருபுறமும் வர்க்கப்படுத்துகிறோம், பி-யின் வர்க்கம் க்யூ-வின் வர்க்கத்தைப் போல இரண்டு மடங்கு என்று வருகிறது, எனவே பி இரட்டைப்படை, அதை வைத்துப் போட்டால் க்யூ-வும் இரட்டைப்படை, இரண்டுக்கும் 2 பொதுக்காரணி ஆகிவிட்டது, முரண்பாடு, முடிந்தது. தலையை ஆட்டிக்கொண்டே பார்த்துவிடலாம். இப்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதுங்கள். பி-யின் வர்க்கம் இரட்டைப்படை என்ற வரி வரைக்கும் பேனா ஓடும். அப்புறம், அதனால் பி-யும் இரட்டைப்படை என்று எப்படிச் சொல்வது? ஒற்றைப்படை எண்ணை வர்க்கப்படுத்தினால் ஒற்றைப்படைதான் வரும், அதனால்தான். இந்த ஒரு காரணத்தை ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்திருப்பார், நாமும் கூடவே கடந்திருப்போம். தேர்வில் மதிப்பெண் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைச் சிலர் திரும்பப் படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை என்பதால், எனக்கு இந்த ஒரு ஆய்வே போதுமானதாக இருந்தது.

நான் பழக்கப்படுத்திக்கொண்ட முறை எளிமையானது. வீடியோவை ஒருமுறை பார்ப்பேன், நடுவில் குறிப்பு எடுக்க மாட்டேன். முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடாதபடி அந்த வசதியை அணைத்து வைத்திருப்பதால் அங்கேயே நின்றுவிடும். உடனே வெற்றுத்தாள். நினைவில் இருப்பதை எழுதுவேன், சிக்கிக்கொண்ட இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போவேன், கடைசியில் சிவப்புக் கோடு போட்ட இடங்களை மட்டும் போய்ப் பார்ப்பேன். மறுநாள் ஒருமுறை, சில நாள் விட்டு ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை அதையே எழுதிப் பார்ப்பேன். இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தால், கேள்வி-பதில் அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஆங்கி என்ற செயலி உதவும், ஆனால் யாரோ செய்து வைத்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் பேனா எங்கே நின்றதோ அதுதான் அட்டையில் கேள்வியாக வர வேண்டும்.

ஏ.ஐ. சாட்பாட்களையும் நான் இப்படித்தான் பயன்படுத்துவேன். விளக்கச் சொன்னால் அழகாக விளக்கும், அதுவும் இன்னொரு வீடியோ பார்த்த கதைதான். நான் எழுதியதை அதனிடம் கொடுத்து, விடையைச் சொல்லாதே, எந்த வரிக்குக் காரணம் போதவில்லை என்று மட்டும் சொல் என்று கேட்பேன். தவறையும் அது அதே உறுதியோடு சொல்லும் என்பதால் பாடநூலைப் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது.

கவனம் சிதறுவதைப் பற்றியும் கொஞ்சம். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனசின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடும் என்று ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். இடைவேளையில் மெசேஜ் பார்ப்பது அதனால்தான் வினையாகிறது: பார்த்தது ஒரு நிமிடம், பதில் போடவில்லையே என்ற நினைப்பு அடுத்த அரை மணி நேரம் கூடவே வரும். இடைவேளை என்றால் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் வழியே வேடிக்கை பாருங்கள். பாடமே போனில்தான் இருக்கிறது என்பவர்கள் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஏர்பிளேன் மோடில் பார்க்கலாம். டெலிகிராம் குழுக்களில் பி.டி.எஃப். சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சேர்த்ததைத் திறப்பவர்கள் குறைவு.

தேர்வெல்லாம் முடிந்த பிறகும் இந்தப் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது, அதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி. இணையத்தில் ஒரு நீளமான கட்டுரை படித்ததும் மூடிவிட்டு, இவர் என்ன சொன்னார், அதற்கு என்ன காரணம் காட்டினார் என்று எனக்கே சொல்லிப் பார்ப்பேன். காரணம் எதுவும் நினைவுக்கு வராவிட்டால் அதை யாருக்கும் பகிர மாட்டேன். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு நான் பகிர்வது வெகுவாகக் குறைந்திருக்கிறது, யாராவது ஏன் என்று கேட்டால் பதில் சொல்லவும் முடிகிறது.

ஆரம்பத்தில் வெற்றுத்தாள் பயமுறுத்தும். இத்தனை நேரம் பார்த்தும் இரண்டே வரிதான் வருகிறது என்று சிலர் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மறுபடி வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். அந்த இரண்டு வரிக்குக் கீழே எது வரவில்லை என்பதைக் கேள்வியாக எழுதுங்கள், மொட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் அந்தக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறங்கள்.