கேற்றிலிருந்து விறாந்தை வரை 42 அடி

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. வளவு முழுக்க மணல். வெயில் காலத்தில் ஓட்டோ உள்ளே வந்தால் சில்லு புதையும், மாரியில் விறாந்தைப் படிவரை தண்ணீர் நிற்கும். அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் கிழமை, வோக்கரின் ஒரு கால் மணலுக்குள் இறங்கி, கேற்றடியிலேயே விழுந்துவிட்டா. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா முற்றத்தில் இறங்கவே பயந்தா. அந்தக் கிழமையே கேற்றிலிருந்து விறாந்தை வரை இன்டர்லொக் கல் பதிப்பதென்று முடிவெடுத்தேன்.

நான் விட்ட முதல் பிழை, எல்லோரிடமும் "சதுர அடி என்ன விலை?" என்று தொடங்கியது. ஒருவர் இடத்தைப் பார்க்காமலே போனில் விலை சொன்னார். இன்னொருவர் வந்து கேற்றடியில் நின்றபடியே, "புல்லைச் சுரண்டிப்போட்டு மணலைக் கொட்டிக் கல்லை அடுக்கினா ரெண்டு நாள் வேலை அக்கா, மணலுக்கும் கடற்கரை பக்கத்திலதானே" என்றார். கடல் மணலில் உப்பு இருக்கிறது, கல்லில் வெள்ளை பூக்கும். அதைவிட, கரையில் மணல் அள்ளுவதே கூடாத வேலை. அவர் முன்பு செய்த ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். கார் சில்லு போகும் இரண்டு கோடும் பள்ளமாக இறங்கியிருந்தன. ஓரத்துக் கற்கள் விலகி, இடையில் என் விரல் நுழைந்தது. அந்த வீட்டு அக்கா, "காசு குடுத்த பிறகு ஆளைப் பிடிக்க ஏலாமப் போச்சு" என்றா. யாராவது கல் பதிக்கப் போகிறீர்கள் என்றால் ஆளின் புது வேலையைப் பார்க்காதீர்கள். இரண்டு மாரி கண்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து வந்த, கல் பதிக்கும் நானா ஒருவரை மச்சாள்தான் அனுப்பிவைத்தா. அவர் விலை பேசவில்லை. கேற்றையும் விறாந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாரியில தண்ணி எதால வந்து எதால போகும், தங்கச்சி?" என்று கேட்டார். வேறு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கே பதில் தெரியவில்லை, நிற்கும் என்று மட்டும்தான் சொன்னேன்.

பையிலிருந்து நீளமான தெளிந்த குழாய் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். குழாயை விரலால் சுண்டிச் சுண்டி, உள்ளே நின்ற குமிழிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி வெளியேற்றினார். ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லுமாம். ஒரு முனையைப் பொடியன் கேற்றுத் தூணோடு பிடிக்க, மறுமுனையை விறாந்தைச் சுவரோடு வைத்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போட்டார். கோட்டிலிருந்து நிலம் வரை டேப் பிடித்தபோதுதான் விசயம் வெளித்தது: கேற்றடி நிலம், விறாந்தையடி நிலத்தைவிட 4 அங்குலம் உயரம். ஒழுங்கையைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் மேலே போட்டுப் போட்டு உயர்த்த, எங்கள் வளவு கிண்ணமாகிவிட்டது. அப்படியே கல் பதித்திருந்தால் மழைத்தண்ணீரை வீட்டுக்குள் கூட்டிவரும் வாய்க்காலைக் காசு கொடுத்துக் கட்டியிருப்பேன்.

நானா சொன்ன வழி இது. விறாந்தைக்கு 4 அடி முன்னால் குறுக்காக ஒரு கான் வெட்டி, மேலே கம்பி மூடி போட வேண்டும். கேற்றிலிருந்து கான் வரை 38 அடியும் கானை நோக்கிச் சரிய வேண்டும். 60 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் அது ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். விறாந்தைப் பக்கமிருந்து வரும் 4 அடியும் கானுக்கே சரிய வேண்டும். கானில் சேரும் தண்ணீர் வாழைப் பாத்திக்கு அப்பால் வெட்டும் குழியில் இறங்கும், மணல் நிலம் அதை இழுத்துக்கொள்ளும். முடிந்த மட்டம் வீட்டுத் தளத்திலிருந்து 6 அங்குலமாவது கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஈரம் குடிக்கும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவருடைய விலை மற்றவர்களைவிடக் கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் முழுக்கக் கல்லுக்கு அடியில் போகும் காசு என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்தோம்: கல்லின் தடிப்பு, அடியில் போடும் ஏபிசியின் (சல்லியும் கல்தூளும் கலந்த கலவை) தடிப்பு, சரிவு, ஓரக் கல். காசு நான்கு தடவையாக. ஒவ்வொரு தடவையும் நான் டேப் பிடித்துப் பார்த்த பிறகு. நானா அதற்கு முகம் கோணவில்லை.

அகலம் 10 அடி, மொத்தம் 420 சதுர அடி. கல் 80 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். அதன் கீழே ஒன்றரை அங்குலம் ஆற்று மணல், அதற்கும் கீழே 6 அங்குலம் ஏபிசி. கார் மட்டும் போகும் பாதைக்கு 60 மில்லிமீற்றர் கல் போதும் என்பார்கள். எங்கள் மலசலகூடக் குழி பின்னால் இருப்பதால் அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசர் லொறி உள்ளே வர வேண்டும், அதனால்தான் 80. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1425க்குச் செய்த கல்லா, வார்த்து 28 நாள் ஆனதா என்று பட்டறையில் கேட்டுத்தான் எடுத்தேன்.

பத்தரை அங்குலம் தோண்டுவது என்றால் சின்ன வேலை போலத் தெரியும். 420 சதுர அடிக்கு அது மூன்றே முக்கால் கியூப் மண் (ஒரு கியூப் 100 கன அடி), வெளியே எடுத்துப் போட்டால் பொலிந்து ஐந்துக்குக் கிட்ட வரும். அதைக் கொட்ட இடம் முதலே பார்த்து வையுங்கள். எங்களுக்குப் பின் வளவுப் பள்ளம் இருந்தது. வேப்ப மரத்து வேர் ஒன்று குறுக்கே வந்தது, வெட்டி எடுத்தோம். தண்ணீர்க் குழாய் ஒரு முழம்கூட ஆழமில்லாமல் கிடந்தது. கையால் தோண்டியதால் தப்பியது, தோண்டும் மெசின் பெக்கோவை விட்டிருந்தால் உடைந்திருக்கும். அதை ஆழமாக இறக்கி மூடினோம். வீதியோர வடிகானுக்கு மேலுள்ள சிலாப் எங்கள் வளவுக்குள் சேராது. அதில் கை வைக்க முன் பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் கேட்டுக்கொண்டேன்.

காய்ந்த மணல் எவ்வளவு அடித்தாலும் இறுகாது, காலடியில் ஓடும். தண்ணீர் தெளித்து நனைத்து, அதிர்ந்து இடிக்கும் கொம்பெக்டர் மெசினை விட்டபோது அதே மணல் செருப்புக் குதி பதியாத அளவுக்கு இறுகியது. அதன்மேல் ஜியோ துணி விரித்தார்கள், ஏபிசிக் கல் மணலுக்குள் இறங்கிக் கலக்காமல் இருக்க. ஏபிசியை ஒரே தடவையில் கொட்டாமல் 3 அங்குலம், 3 அங்குலமாக இரண்டு தட்டில் போட்டு நனைத்து அடித்தார்கள். கடைசியில் கல் ஏற்றி வந்த டிரக்டரை அதன்மேல் மெதுவாக ஓடவிட்டு, நானா குந்தியிருந்து சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். தடம் விழவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகம். ஓரக் கல்லைக் கொங்கிறீட்டில் நிறுத்தி, இரண்டு குழாய் வைத்து மணலை மட்டம் இழுத்து, மீன்முள் மாதிரி கல் அடுக்கி மூன்று நாளில் முடித்தார்கள். ஆடி மாதக் கச்சான் காற்று விரித்த மணலைக் காயவைத்துத் தூக்கியதால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டி வந்தது. ஆனால் இடைவெளிக்குக் கூட்டும் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதற்கு அதே காற்று உதவியது.

விறாந்தையடி நிலம் கீழே போனதால் படி உயர்ந்துவிட்டது. சுவரோரமாக அம்மாவுக்கு ஒரு சாய்தளம் கட்டினோம், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில்.

கார்த்திகையில் இரவிரவாக மழை கொட்டியது. விடிய எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தேன். கான் நிறைய ஓடியது, விறாந்தையடி காய்ந்து கிடந்தது. குழாய் தாட்ட இடத்தில் மட்டும் கற்கள் அரை அங்குலம் இறங்கியிருந்தன. நானாவுக்குப் போன் பண்ணினேன். மழை விட்ட மூன்றாம் நாள் வந்து, இருபது கல்லைக் கெம்பி எடுத்து, அடியை இடித்து, மணல் போட்டு, அதே கற்களைத் திரும்பப் பதித்தார். அம்மா வோக்கரோடு கேற்றடிவரை வந்து நின்று, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னா.